பொருட்காட்சித் திடலில் முதன்முறை கடை போடுவோருக்கு

வீட்டில் செய்த பொருளை அக்கம்பக்கத்தாருக்கும் உறவினருக்கும் விற்றுப் பழகியவர்கள், ஒரு கட்டத்தில் பொருட்காட்சியில் கடை போட்டுப் பார்க்கலாமா என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். அப்படி யோசிப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் வாடகை எவ்வளவு, கடையை எப்படி அலங்கரிப்பது என்ற இரண்டைத்தான். திடல் எப்படிப்பட்டது, அந்த மாதத்தில் அங்கே யார் வருவார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. கருப்பட்டியையும் சிறுதானியத் தின்பண்டங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சில ஆண்டுகள் திடல் திடலாகச் சுற்றியவன் என்ற முறையில், லாபத்தையும் நட்டத்தையும் முடிவு செய்வது அந்தக் கேட்கப்படாத கேள்விதான் என்பேன். ஆகவே இந்தக் கட்டுரை கடையிலிருந்து தொடங்காமல் திடலிலிருந்து தொடங்குகிறது.

முதல் படி: திடலைத் தெரிந்துகொள்ளுங்கள்

சென்னைத் தீவுத்திடலை எடுத்துக்கொள்வோம். கூவம் ஆறு இரு கிளைகளாகப் பிரிந்து சூழ்ந்திருப்பதால் அந்தப் பெயர் வந்தது. அண்ணா சாலையின் தொடக்கத்தில் அங்கவடி இல்லாத குதிரைமேல் அமர்ந்திருக்கும் மன்றோ சிலையைக் கடந்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தை அறிவார்கள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் சுற்றுலா மற்றும் தொழில் பொருட்காட்சி, பொங்கலை ஒட்டிய நாட்களில் அங்கே இரண்டு மாதங்களுக்கும் மேலாக நடக்கிறது. அரசுத் துறைகளின் அரங்குகள், ராட்சத ராட்டினம், டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, வளையல் கடை, பிளாஸ்டிக் சாமான் கடை என்று குடும்பத்தோடு மாலைப் பொழுதைக் கழிக்க வருகிறவர்களின் இடம் அது. அதே திடலில் தீபாவளிக்கு முன்பு வரிசையாகப் பட்டாசுக் கடைகள் முளைக்கின்றன. அப்போது வருபவர், கையில் பட்டியலோடு வந்து, பேரம் பேசி, பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பிவிடுவார். நிலம் ஒன்றுதான், ஜனவரியில் அங்கே ஐந்து ரூபாய் அதிகம் கொடுத்துப் பஞ்சு மிட்டாய் வாங்கியவரே அக்டோபரில் ஐந்து ரூபாயைக் குறைக்கச் சொல்லி நின்றுகொண்டிருப்பார்.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடல் வேறு வகை. தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கமான பபாசி 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி, பல இடங்கள் மாறி இப்போது பொங்கல் சமயத்தில் அங்கே கூடுகிறது. உள்ளே புத்தகங்களுக்கு மட்டுமே இடம்; ஆனால் புத்தகப் பையோடு களைத்து வெளியே வருகிறவருக்கு ஒரு குவளை சுக்குக் காபியும் ஒரு தட்டு சுண்டலும் தேவைப்படுகின்றன. மதுரையில் தமுக்கம் மைதானத்தைச் சொல்லாமல் பொருட்காட்சியைப் பற்றிப் பேச முடியாது. நாயக்கர் காலத்து அரண்மனை ஒன்றை ஒட்டிய அந்த மைதானத்தில் சித்திரைப் பொருட்காட்சி பல தலைமுறைகளாக நடந்து, மீனாட்சி திருக்கல்யாணத்துக்கும் அழகர் எதிர்சேவைக்கும் வந்த கிராமத்துக் குடும்பங்கள் ஊர் திரும்புவதற்கு முன் கட்டாயம் நுழையும் இடமாக இருந்தது. அண்மை ஆண்டுகளில் அங்கே மாநாட்டு மண்டபம் கட்டப்பட்டுவிட்டதால் மைதானத்தின் தோற்றமே மாறியிருக்கிறது. கட்டடம் வந்த திடலில் புழுதியும் சேறும் இல்லை. அதற்கேற்ப வாடகையும் எதிர்பார்ப்பும் உயர்ந்துவிடும் என்பதைப் புதியவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். திருநெல்வேலி டவுனில் ஓரிடத்துக்குப் பொருட்காட்சித் திடல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கோவையில் கொடிசியா வர்த்தக வளாகத்தைப் பற்றிச் சொல்வதானால், அது திடல் என்பதைவிடக் குளிரூட்டப்பட்ட சந்தை என்பதே பொருத்தம். ஜூலையில் நடக்கும் வேளாண் கண்காட்சிக்கு உழவர்கள் வேனில் வந்து இறங்குகிறார்கள், சொட்டுநீர்க் குழாயையும் பவர் டில்லரையும் தொட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அரங்குக்கு நகர்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் மூத்தவை கோயில் திருவிழாவோடு கூடும் கால்நடைச் சந்தைகள். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் தேர்த் திருவிழாவின்போது கூடும் மாட்டுச் சந்தைக்கும் குதிரைச் சந்தைக்கும், கத்தியவார், மார்வாரி குதிரைகளைப் பார்ப்பதற்கென்றே தொலைதூரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வெள்ளகோவில் அருகிலுள்ள கண்ணபுரத்தில் சித்திரையில் காங்கேயம் மாடுகளின் சந்தை கூடுகிறது. அங்கே சலங்கை, மூக்கணாங்கயிறு, கழுத்துமணி, சாட்டை ஆகியவை விற்கும். வாசனை மெழுகுவர்த்தியைக் கொண்டு போனவர் அதை அப்படியே திருப்பிக் கொண்டுவருவார். இது வேடிக்கையாகச் சொல்வதன்று. ஏறத்தாழ அப்படியே ஒருவர் செய்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: ஆண்டின் ஓட்டத்தை எழுதி வையுங்கள்

ஒரு நாட்காட்டியை எடுத்து, உங்கள் ஊரிலிருந்து ஒரே பகலில் சரக்கு வண்டி போய்ச் சேரக்கூடிய திடல்களையும் அங்கே எப்போது என்ன நடக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தை, மாசி மாதங்களில் மழை இல்லாத காரணத்தால் திடல்களுக்கு இதுவே நல்ல பருவம். மார்ச்சில் பொதுத்தேர்வுகள் தொடங்கிவிட்டால் குடும்பங்கள் வெளியே வருவது சட்டென்று குறையும். பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தாலும் வார நாட்களில் கடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சித்திரையும் வைகாசியும் விடுமுறை மாதங்கள். சமவெளியில் கூட்டம் வெயில் தாழ்ந்த பிறகுதான் வரும். ஆனால் ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவின் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவின் பழக் கண்காட்சி, ஏற்காடு கோடை விழா ஆகியவற்றில் பகல் முழுவதும் ஆட்கள் நடமாடுவார்கள். ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணம் கட்டிய குடும்பத்தின் கையில் பணம் இருக்காது. அந்த மாதத்தை நான் சரக்கு தயாரிக்கவே ஒதுக்கிவிடுகிறேன்.

ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லை, ஆனால் அம்மன் கோயில்களில் எல்லாம் திருவிழா. சேலத்தில் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவை ஒட்டி அரசுப் பொருட்காட்சி நடத்துவது வழக்கம். ஆகஸ்டில் ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவரும் புத்தகத் திருவிழா, மேற்கு மாவட்டங்களில் குடும்பத்தோடு போகும் நிகழ்வாகவே ஆகிவிட்டது. இப்போது மாவட்ட நிர்வாகங்களும் ஊர்தோறும் புத்தகத் திருவிழா நடத்துவதால், மகளிர் குழுக்களின் உணவுக் கடைகளுக்கு அங்கே நல்ல வாய்ப்பு உருவாகியிருக்கிறது. புரட்டாசியில் நவராத்திரிக் கண்காட்சிகள் கொலு பொம்மைகளோடு வரும். ஐப்பசியில் துணி, பலகாரம், பட்டாசு ஆகியவை விற்கும். பட்டாசைப் பற்றி ஒரு சொல்: தற்காலிக உரிமம், கடைகளுக்கிடையே 3 மீட்டர் இடைவெளி, சரக்கு இருப்புக்கு வரம்பு என்று வெடிபொருள் விதிகள் கடுமையாக இருப்பதாலும், தீபாவளி முடிந்த மறுநாள் மிச்சச் சரக்குக்கு மதிப்பே இல்லாமல் போவதாலும், அது முதல் வியாபாரமாக எடுத்துக்கொள்ளத் தக்கது அன்று.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இந்த மாதங்களில் கடற்கரை மாவட்டங்களில் திறந்த திடலில் குறைந்த வாடகைக்கு இடம் கிடைக்கிறது என்றால், அது ஏன் குறைவு என்பதை வானம் சொல்லும். என்னுடைய முதல் கடையே ஐப்பசியில் போட்டதுதான். மண் தரைக்கு மேல் மரப்பலகைத் தளம் அடித்துத் தருவதாக நடத்துநர் வாயால் சொன்னதை நம்பி முழுப் பணத்தையும் கட்டினேன். மூன்றாம் நாள் இரவு பெய்த மழையில் கடைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் படாத மேல்தட்டில் இருந்த கருப்பட்டியும் ஈரக்காற்றில் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பலகைத் தளத்தைப் பற்றி ஒப்பந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை என்பதை அன்றைக்குத்தான் படித்தேன்.

மூன்றாம் படி: நடத்துபவர் யார் என்று கேளுங்கள்

ஒரு பொருட்காட்சியில் இடம் தருபவர் மூன்று வகைகளில் ஒருவராக இருப்பார். முதலாவது அரசு அமைப்பு. சென்னையில் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும், மதுரை, சேலம், கோவை போன்ற நகரங்களில் செய்தி மக்கள் தொடர்புத் துறையும் பொருட்காட்சிகளை நடத்துகின்றன. ஆனால் பெயர்ப் பலகையில் அரசு இருப்பதால் நீங்கள் பணம் கட்டுவதும் அரசுக்குத்தான் என்று எண்ணிவிடக் கூடாது. தனியார் கடைகளையும் ராட்டினங்களையும் அமைக்கும் உரிமை பல இடங்களில் ஒப்பந்தப்புள்ளி மூலம் ஒரு குத்தகைதாரருக்கு விடப்படுகிறது. அவரிடமிருந்து மொத்தமாக எடுத்தவர் இன்னொருவருக்குப் பிரித்துக் கொடுப்பார். உங்களிடம் பேசுகிறவர் இந்தச் சங்கிலியில் எத்தனையாவது ஆள் என்பதைக் கண்டுபிடியுங்கள். கைகள் கூடக்கூட வாடகையும் கூடும், பிரச்சினை வந்தால் பொறுப்பேற்பவரும் மறைந்துபோவார்.

இரண்டாவது வகை, தொழில் சங்கங்களும் பண்பாட்டு அமைப்புகளும். இவர்களிடம் விதிமுறைகள் அச்சில் இருக்கும், அரங்கு வரைபடம் இருக்கும், ஆண்டுதோறும் வருகிறவர்களுக்கு முன்னுரிமை இருக்கும். புதியவருக்கு இடம் கிடைப்பது கடினம், கிடைத்துவிட்டால் நிம்மதி. மூன்றாவது, தனியார் நிறுவனங்கள் நடத்தும் நுகர்வோர் கண்காட்சிகள். நல்லவையும் உண்டு. ஆனால் விளம்பரத்துக்கு எவ்வளவு செலவிடுகிறார்கள், சென்ற முறை இதே ஊரில் நடத்தினார்களா, அப்போது கடை போட்டவர்கள் இம்முறையும் வருகிறார்களா என்பவற்றை விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சென்ற முறை வந்த இரண்டு கடைக்காரர்களின் தொலைபேசி எண்களைக் கேளுங்கள். தரத் தயங்கினால் அதுவே பதில்.

கையில் பெரிய முதல் இல்லாதவர்களுக்கு இந்த மூன்றுக்கும் வெளியே ஒரு வழி இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுவில் உறுப்பினராக இருந்தால், உங்கள் மாவட்டத்தின் மகளிர் திட்ட அலுவலகத்தை அணுகுங்கள். கல்லூரி வளாகங்களில் நடத்தப்படும் கல்லூரிச் சந்தை, சென்னை நுங்கம்பாக்கத்தில் வள்ளுவர் கோட்டம் அருகிலுள்ள அன்னை தெரசா மகளிர் வளாகத்தின் விற்பனைக் கண்காட்சிகள், பல மாநிலக் குழுக்கள் கூடும் சரஸ் மேளா ஆகியவற்றில் குழுக்களுக்கு இடம் ஒதுக்கப்படுகிறது. இரண்டு மூன்று நாட்கள் மட்டுமே நடக்கும் கல்லூரிச் சந்தைதான் பழகுவதற்கு ஏற்ற இடம். மாணவர்கள் கையில் கொஞ்சமே பணம் வைத்திருப்பார்கள், ஆனால் ருசியில் குறை இருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள்.

நான்காம் படி: விற்பதற்கு முன் பார்வையாளராகப் போய் வாருங்கள்

கடை எடுக்க நினைக்கும் திடலுக்கு முந்தைய ஆண்டிலோ, அதே திடலில் நடக்கும் வேறொரு நிகழ்வுக்கோ, நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு இருமுறை போங்கள். ஒருமுறை வார நாளில், மறுமுறை ஞாயிற்றுக்கிழமை. நுழைவாயிலில் நின்று உள்ளே போகிறவர்களைப் பார்ப்பதைவிட, வெளியேறும் வழியில் நின்று அவர்கள் கையில் என்ன பை இருக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும். வெறுங்கையோடு வெளியே வருகிறவர்கள் மிகுதியாக இருந்தால், அது வேடிக்கை பார்க்கும் கூட்டம். அங்கே தின்பண்டம் விற்கும், பித்தளை விளக்கு விற்காது.

பிறகு கால்கள் போகும் பாதையைக் கவனியுங்கள். உள்ளே நுழைந்தவுடன் இருக்கும் முதல் சில கடைகள்தான் நல்ல இடம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் அனுபவம் வேறு: நுழைந்த வேகத்தில் மக்கள் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொள்கிறார்கள், திரும்பும் வழி வேறாக இருந்துவிடுகிறது. குழந்தைகள் ராட்டினத்தில் சுற்றும்போது பெற்றோர் காத்து நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள கடைகள், பார்வைக்கு ஒதுக்குப்புறமாகத் தெரிந்தாலும், நன்றாக ஓடும். இரு பக்கம் திறந்த மூலைக் கடைக்குக் கூடுதல் வாடகை கேட்பார்கள். அது பெரும்பாலும் கொடுக்கத் தக்கதே. மரணக் கிணற்றுக்கும் ஒலிபெருக்கிக் கம்பத்துக்கும் பக்கத்தில் இடம் எடுக்காதீர்கள். வாடிக்கையாளர் விலை கேட்பது உங்களுக்குக் கேட்காது, நீங்கள் சொல்வது அவருக்குக் கேட்காது. கழிப்பறை எங்கே, குடிநீர் எங்கே, இரவு கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பவற்றையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். பெண்கள் மட்டும் நிற்கப்போகும் கடை என்றால், மற்ற எதையும்விட இவைதாம் முதலில் பார்க்க வேண்டியவை.

ஐந்தாம் படி: வாடகையை மணிக்கணக்காகப் பிரித்துப் பாருங்கள்

மொத்த வாடகையாகச் சொல்லப்படும் தொகை ஒன்றும் புரியவைக்காது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். பத்து நாள் கண்காட்சிக்கு 30,000 ரூபாய் வாடகை, போக்குவரத்துக்கு 4,000, நாள் ஒன்றுக்கு 800 ரூபாய் வீதம் இரண்டு ஆட்களுக்கு 16,000. ஆக 50,000 ரூபாய். உங்கள் பொருளில் நூற்றுக்கு 30 ரூபாய் நிற்கிறது என்றால், இந்தச் செலவை எடுப்பதற்கு மட்டும் ஏறத்தாழ 1,67,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். ஒருவர் சராசரியாக 150 ரூபாய்க்கு வாங்குவார் என்று கொண்டால், நாளுக்கு 111 பேர் வாங்க வேண்டும். கூட்டம் இருப்பது மாலை 5 முதல் இரவு 10 வரைதான். அதாவது மணிக்கு 22 பேர். ஒருவரிடம் பேசி, ருசி பார்க்கக் கொடுத்து, எடைபோட்டு, பணம் வாங்கி அனுப்புவதற்கு உங்களுக்குக் கிடைப்பது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அதுவும் லாபம் ஒரு ரூபாய்கூட இல்லாமல்.

இந்தக் கணக்கு பயமுறுத்துவதற்காகச் சொல்லப்படவில்லை. இதைப் போட்ட பிறகு மூன்று வழிகள் தென்படும். சராசரி வாங்கும் தொகையை உயர்த்தலாம்; தனித்தனியாக 60 ரூபாய்க்கு விற்பதை நான்கு வகை சேர்ந்த ஒரே பையாக 220 ரூபாய்க்கு வைப்பது இதற்காகத்தான். இன்னொருவரோடு கடையைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் அதற்கு நடத்துநரின் அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும். அல்லது அந்தத் திடல் நமக்கானது அன்று என்று விட்டுவிடலாம். கண்காட்சிக்குப் பிறகு வரும் தொலைபேசி வாடிக்கையாளர்களை நம்பி நட்டத்தை ஏற்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது ஓரளவு உண்மைதான் என்றாலும், முதல் கடைக்கு அந்தக் கணக்கைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

பணம் கட்டும்போது, கடையின் அளவு, எண், தரை எப்படிப்பட்டது, மேற்கூரை எது, எத்தனை விளக்கு, எத்தனை மின்செருகி, காவல் யாருடைய பொறுப்பு, மழையால் ஒரு நாள் மூடினால் என்ன செய்வார்கள், காப்புத்தொகை எப்போது திரும்பும் என்ற அனைத்தும் தாளில் இருக்க வேண்டும். கண்காட்சி அரங்குகளில் கடையின் வழக்கமான அளவு 3 மீட்டருக்கு 3 மீட்டர்; திறந்த திடலில் பத்துக்குப் பத்து அடி என்பார்கள். சொல்லப்படும் வாடகையில் ஜி.எஸ்.டி. சேர்ந்ததா, தனியா என்பதையும் கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்வியைப் பணம் கட்டிய பிறகு கேட்கிறவர்களே அதிகம்.

ஆறாம் படி: தாள்களை ஒரு மாதம் முன்பே எடுத்து வையுங்கள்

உண்ணும் பொருள் எதை விற்பதானாலும் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் பதிவு தேவை. சிறு தயாரிப்பாளர்களுக்கான அடிப்படைப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும். பொட்டலமாகக் கட்டி விற்கும் எதிலும் தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். எடைபோட்டு விற்பவர்கள் தங்கள் தராசுக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பொருட்காட்சிகளில் ஆய்வாளர்கள் வருவதுண்டு. அவர்கள் முதலில் கேட்பதே தராசைத்தான்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. கைப்பை, குவளை, உறிஞ்சுகுழல் எல்லாம் அதில் அடங்கும். காகிதப் பையோ மஞ்சப்பையோ முன்கூட்டியே வாங்கி, அதன் விலையையும் கணக்கில் ஏற்றிவிடுங்கள். வேறு மாநிலத்தில் நடக்கும் கண்காட்சிக்குப் போவதானால், அங்கே தற்காலிக ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படலாம்; கைவினைப் பொருட்களுக்குச் சில சலுகைகள் உண்டு. இதை ஒரு கணக்காளரிடம் கேட்பதே முறை.

ஏழாம் படி: நெருப்பும் மழையும்

1886ஆம் ஆண்டின் கடைசி நாளில் சென்னை பீப்பிள்ஸ் பார்க்கில் நடந்த கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். இன்று கீற்றுக் கொட்டகைகளுக்குப் பதிலாகத் தகரமும் இரும்புச் சட்டமும் வந்துவிட்டன. ஆனால் உட்புறம் கட்டியிருக்கும் துணி, தெர்மாகோல் அலங்காரம், ஒரே செருகியிலிருந்து ஐந்து வயர் இழுத்த நீட்டிப்புப் பலகை ஆகியவை அப்படியே இருக்கின்றன. நடத்துநர் தீயணைப்புத் துறை, காவல்துறை அனுமதிகளைப் பெற்றிருக்கிறாரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். உங்கள் கடையில் ஒரு சிறு தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். அடுப்பு வைக்கும் கடைகளுக்குத் தனி வரிசை இருந்தால் அதற்கு வெளியே அடுப்பு பற்றவைக்காதீர்கள். பக்கத்துக் கடையில் பற்றவைத்தாலும் நடத்துநரிடம் சொல்லுங்கள். இரவு கடையைப் பூட்டும்போது மின்இணைப்பை முழுவதும் துண்டித்துவிட்டுப் போங்கள்.

மழைக்கு மூன்று பொருட்கள் போதும்: கடையின் அளவைவிட இருமடங்கு பெரிய தார்ப்பாய், சரக்கைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி வைக்க ரீப்பர் கட்டை அடித்த பலகை, காற்றுப் புகாத மூடி போட்ட டப்பாக்கள். திடலுக்குப் போன முதல் நாளே ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள்.

எட்டாம் படி: விற்கும் நாட்கள்

முதல் இரண்டு நாட்கள் மந்தமாகவே இருக்கும். அதைக் கண்டு விலையைக் குறைத்துவிட்டால் ஏழாம் நாள் அந்த விலையை உயர்த்த முடியாது. விலையைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வையுங்கள். விலை தெரியாத கடையில் கேட்டுவிட்டு வாங்காமல் போவதற்குச் சங்கடப்பட்டே பலர் நுழைவதில்லை. கூட்டம் மிகுந்த நேரத்தில் கைபேசி அலைவரிசை திணறி யு.பி.ஐ. பணம் நடுவழியில் நின்றுவிடும். ஆகவே இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளும், பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகக் குறைந்தது இரண்டாயிரம் ரூபாய்ச் சில்லறையும் தினமும் கையில் இருக்க வேண்டும். பணம் வந்ததை வாடிக்கையாளரின் திரையில் பார்த்து நம்பாமல், உங்கள் கருவியின் அறிவிப்பைக் கேட்டபின் பொருளைக் கொடுங்கள்.

ருசி பார்க்கக் கொடுப்பது செலவன்று. ஆனால் அளவு சிறியதாக இருக்கட்டும். ஒரு முழு உருண்டையைத் தின்றவருக்கு ஆசை தீர்ந்துவிடுகிறது, கால் உருண்டையைத் தின்றவர் பையை எடுக்கிறார். பக்கத்துக் கடைக்காரரோடு முதல் நாளே பேசிப் பழகுங்கள். நீங்கள் சாப்பிடப் போகும்போது உங்கள் கடையைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான்; எந்த ஊர்த் திடல் ஓடும், எது ஓடாது என்பதை எந்த விளம்பரத்தையும்விட உண்மையாகச் சொல்பவரும் அவரே. ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் சுற்றும் வளையல் கடைக்காரர்களிடமும் ராட்டினக்காரர்களிடமும் ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து உட்கார்ந்தால், அடுத்த ஓராண்டுக்கான நாட்காட்டி கைக்கு வந்துவிடும். ஒவ்வோர் இரவும் அன்றைக்கு எது எத்தனை விற்றது, எந்த மணியில் கூட்டம் வந்தது, எதைக் கேட்டார்கள் நம்மிடம் இல்லை என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். காலையில் எழுதலாம் என்றால் மறந்துவிடும்.

ஒன்பதாம் படி: கடைசி இரவு

கண்காட்சி முடியும் இரவில் எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டியைக் கொண்டுவருவதால் திடலின் வாயில் அடைத்துக்கொள்ளும். வண்டியை மறுநாள் விடியற்காலைக்குச் சொல்லுங்கள். ஓர் ஆளைக் கடையிலேயே படுக்க வையுங்கள், ஏனென்றால் சரக்கு களவு போவது பெரும்பாலும் காவல் தளர்ந்த அந்த ஓர் இரவில்தான். மிச்சச் சரக்கைக் கடைசி மணி நேரத்தில் பாதி விலைக்குத் தள்ளுவதா என்று கேட்டால், கெட்டுப்போகும் பொருளை மட்டும் தள்ளலாம் என்பேன். அடுத்த ஆண்டும் அதே ஊருக்கு வரப்போகிறீர்கள் என்றால், கடைசி இரவு வரை காத்திருந்து வாங்கும் பழக்கத்தை வாடிக்கையாளருக்கு நீங்களே கற்றுக்கொடுத்துவிடக் கூடாது.

கடையை ஒப்படைக்கும்போது தரையும் பலகைகளும் இருக்கும் நிலையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, நடத்துநரின் ஆளிடம் கையெழுத்து வாங்குங்கள். காப்புத்தொகை திரும்பி வர அதுவே சான்று. வீட்டுக்கு வந்து நோட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டு, அந்தத் திடல் சரிவந்தது என்று தோன்றினால், அடுத்த ஆண்டுக்கான இடத்தை அந்த வாரத்திலேயே கேட்டு வையுங்கள். நல்ல மூலைக் கடைகள் யாருக்கு என்பது பெரும்பாலும் பந்தல் கால்களைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே முடிவாகிவிடுகிறது.